ஞானப்பூ கொட்டின மணல்

அன்றைக்குத் தண்டவாளத்து ஓரம் இருந்தவர்களை முதலில் சொல்லிவிட வேண்டும். பூவரசந்துறை மீன்காரப் பெண்கள் பதினொரு பேர். ஞானப்பூவும் அவள் அண்ணன் பெண்டாட்டியான மைனி ரொசம்மாவும் அதில் அடக்கம். ஸ்டேஷன் மாஸ்டர் வேங்கடராவ். வண்டி ஓட்டுகிறவர், கரி அள்ளிப் போடுகிறவர், கார்டு. வண்டிக்குள்ளே கடலில் குளிக்க வந்த துரைகளும் துரைசானிகளும் இருபத்தாறு பேர். மீன்காரப் பெண்கள் பன்னிரண்டு என்று சொல்கிறவர்களும் உண்டு. பன்னிரண்டாவது ஆள் அன்று காய்ச்சலில் படுத்திருந்தாளாம்.

நடந்தது ரொம்பக் காலத்துக்கு முன்னால், வெள்ளைக்காரன் ஆண்ட நாளில். பூவரசந்துறைக் கடல் குளம்போலக் கிடக்குமாம். அதில் குளிக்க வேண்டும் என்று துரைமாருக்கு ஆசை வந்ததாம். உடனே ஜங்ஷனிலிருந்து கடற்கரை வரைக்கும் ஒரு கிளைப்பாதை போட்டார்களாம். பாதை போட்டார்கள், சரி. காற்றை என்ன செய்வது? ஆடி பிறந்தால் தேரிக்காட்டு மணல் எழுந்து வந்து தண்டவாளத்தை மூடிவிடும்.

ரயில்காரர்கள் ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டார்களாம். "நீங்கள் மணலை அள்ளுங்கள். உங்கள் மீனைக் கடைசிப் பெட்டியில் ஏற்றிக்கொள்கிறோம்." ஞானப்பூதான் முதலில் தலையாட்டினாள். காலையில் கரைக்கு வந்த மீன் உச்சிப்பொழுதுக்குள் ஜங்ஷன் சந்தைக்குப் போக வேண்டும். நடந்து போனால் நாறிப்போகும். அவளை நம்பித்தான் மற்றவர்களும் ஓலைக்கடகத்தை எடுத்தார்கள். அள்ளினார்கள், கொட்டினார்கள். மறுநாள் காற்று மூடும். மறுபடியும் அள்ளினார்கள், கொட்டினார்கள்.

மீனை ஏற்றினார்களா? இல்லை.

"துரைசானிக்கு வாடை ஆகாதாம்மா. அடுத்த வாரம் பார்ப்போம்" என்பாராம் வேங்கடராவ்.

"போன வாரமும் இதத்தான அய்யா சொன்னீய?" என்பாளாம் ஞானப்பூ.

"நான் என்ன செய்வேன்? மேலே சொல்லியிருக்கேன்."

நாறிப்போன மீனைக் குழிவெட்டிப் புதைத்துவிட்டுத் திரும்புவார்கள். ரொசம்மா வாய் சும்மா இருக்காது. "ஏட்டி, மணல் அள்ள நாம வேணும். ஏறிப் போக மட்டும் துரைசானி தொப்பியா?"

ஒரு சனிக்கிழமை ஞானப்பூவுக்குப் பொறுக்கவில்லை. "அள்ளினத நாமளே திருப்பிக் கொட்டுவோம்" என்றாளாம்.

"ஸ்டேஷன் வாசல்லயே கொட்டு" என்றாள் ரொசம்மா.

"அங்கன வளைவு இருக்கு மைனி. ஓட்டுறவனுக்குக் கண்ணு தெரியாது. ஒரு உயிர் போச்சுன்னா அந்தப் பாவம் நமக்குத்தான். பனங்காட்டுக்கு அந்தாண்ட நேர்ப்பாதையில கொட்டுவோம். தூரத்துலயே பாத்து நிறுத்திருவான்."

அப்படியே கொட்டினார்கள். ஆள் உயரத்துக்குக் கொட்டினார்கள். வண்டி வந்தது, கூவியது, நின்றது. சேதி கேட்டு வேங்கடராவ் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாராம்.

"எடுங்கம்மா! என் வேலை போயிடும்!"

"மொதல்ல மீன் ஏறட்டும் அய்யா."

இவர் கெஞ்ச, அவள் மறுக்க, உள்ளே இருந்த ஒரு துரைசானி குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டாளாம். பின்னாலேயே எல்லாரும் இறங்கினார்கள். பனங்காட்டில் நின்ற மாட்டுவண்டிகளைப் பிடித்துக் கடலுக்குப் போனார்கள். போகிற வழியெல்லாம் சிரிப்பாம், பாட்டாம். அந்தச் சவாரி அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனதாம்.

பெரிய துரை சொன்னாராம்: "இனிமேல் வண்டி இங்கேயே நிற்கட்டும். மணல் தொல்லையும் விட்டது."

அவ்வளவுதான். மணல் கொட்டின இடம் ஸ்டேஷன் ஆயிற்று. அதற்கு அப்பால் கடல் வரைக்கும் கிடந்த தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மீனுக்குத் தனிப்பெட்டி கொடுத்தார்கள். சொன்ன சொல் காப்பாற்றியாயிற்று என்று வேங்கடராவுக்குப் பெருமை வேறு. ஆனால் ஈரம் சொட்டுகிற கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, சுடுமணலில் அந்தப் பெட்டி வரைக்கும் நடக்க வேண்டும்.

முதல் நாள் நடந்தபோதே ரொசம்மா கேட்டாளாம். "கொட்டினதுதான் கொட்டின, ஊருக்குப் பக்கத்துல கொட்டியிருக்கக் கூடாதாட்டி?"

ஞானப்பூ ஒரு கை மணலை அள்ளி அந்த மேட்டின் மேல் எறிந்துவிட்டுப் பெட்டியில் ஏறினாளாம்.

துரைகள் போனார்கள். வண்டியும் போயிற்று. பின்னால் வந்த பஸ்ஸும் அந்த இடத்தோடு திரும்பிவிடுகிறது. ஞானப்பூ மேடு என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள். மீன் சுமந்து வருகிற பெண்கள் இன்றைக்கும் ஒரு கை மணலை அங்கே எறிந்து, "ஏட்டி ஞானப்பூ, நல்லா இரு நீ" என்று ஒரு திட்டுத் திட்டிவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறுவார்கள். மேட்டிலிருந்து ஊருக்கு நடக்க வேண்டிய மிச்சம், ஒரு மைல் ஐந்து பர்லாங்கு.