சுவரேறாத தீரு பட்டணம்

மேடையில் அமர்ந்திருக்கும் ஆயர் அவர்களே, மூன்று சபைகளின் மூப்பர்களே, கணவரைப் பறிகொடுத்து நிற்கும் ஐடா அம்மா அவர்களே, தங்கவயல் மக்களே! மறைந்த நம் பூகோள ஆசிரியர் சைலஸ் ஐயாவோடு ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்திய லவினா பேசுகிறேன். அழுவதற்குத்தான் வந்தேன். கோபம்தான் வருகிறது.

நம் ஞாயிறு பள்ளியில் மூன்று பாஷைப் பிள்ளைகளுக்கும் ஒரே வகுப்பு. வேதத்தில் வரும் அந்தப் பழைய கடற்கரைப் பட்டணத்தைத் தமிழ்ப் பிள்ளை தீரு என்னும், கன்னடப் பிள்ளை தூர் என்னும், தெலுங்குப் பிள்ளை தூரு என்னும். மூன்றும் வேறு வேறு ஊர் என்று நினைத்து அடித்துக்கொள்ளும். சைலஸ் ஐயா என்ன செய்தார்? நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கமுள்ள தம் வீட்டில் உட்கார்ந்து பெரிய துணியில் படம் வரைந்தார். கடலோரம் ஒரே புள்ளி. அதைச் சுற்றி நம் மூன்று பெயர்கள், ஆங்கிலத்தின் டயர், கிரேக்கரின் தூரோஸ், இன்றும் அங்கே குடியிருப்பவர்கள் சொல்லும் சூர்.

வரைய ஒரு மாதம். மாட்ட? ஆறு வருஷமாகியும் முடியவில்லையே!

கோயில் சுவரில் எதை மாட்டினாலும் மூன்று சபையும் சம்மதிக்க வேண்டும் என்பது நம் வழக்கம். மூன்றும் என்றைக்குக் கூடியது? ஆளுக்கொரு வேளை ஆராதனை, ஆளுக்கொரு கூட்டம். கன்னடக்காரர்கள் என்ன சொல்வார்களோ, பார்க்கலாம் என்று நம் தமிழ்க் கூட்டத்தில் தள்ளிப்போட்டோம். படத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் அடுத்த கூட்டத்துக்கு நடந்தார். முட்டிவலியோடு நடந்தார்!

"இன்னா லவினா, ஊரு ஒண்ணுதானே? அவங்கவங்க வாயில வர்ற பேரை எழுதினா இன்னா கெட்டுப்போவுது?" என்று என்னிடம் கேட்டார்.

அடக்கத்தன்று பொறுக்கமாட்டாமல் கன்னடச் சபை ஷோபாவிடம் கேட்டேவிட்டேன். "நாங்க வேணாம்னு சொல்லவே இல்லக்கா. தமிழ்க்காரங்களுக்குப் புடிக்கலன்னு நெனச்சோம்" என்றாள். தெலுங்குச் சபை டென்சிலும் அதையேதான் சொன்னார். யாருமே மறுக்கவில்லை! எதிரி என்று ஒருவன் இருந்திருந்தால் அவனோடு சண்டைபோட்டாவது ஐயா ஜெயித்திருப்பார். நாமோ நல்லவர்களாகவே இருந்து அவரை அலையவிட்டோம்.

இப்போது என்ன, அவர் பணியைத் தொடர்வோம் என்று தீர்மானம் போட்டுவிட்டுக் கலையப்போகிறோமா? இன்று மூன்று சபையும் இந்தக் கோயிலில் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கிறோம். அதற்கு அவர் சாக வேண்டியிருந்தது. படம் இதோ, ஐடா அம்மா மடியில் இருக்கிறது. வரும் ஞாயிறு இதனடியில் நின்று நான் பாடம் நடத்துவேன். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுந்து நில்லுங்கள். காத்திருக்கிறேன்.

ஒருவரும் இல்லை.

ஆஸ்டின் அண்ணே, ஏணியைப் போடுங்கள். மாட்டிய பிறகு ஜெபம் பண்ணலாம்.