கோடு போட்ட சேலை

இந்த எடத்துல ஒரு சின்னக் கதையைச் சொல்லிட்டு மேல போறேன்... மாமியார்மார் கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க!

பாளையங்கோட்டையில ரோசம்மான்னு ஒரு அம்மா. மகனுக்குக் கல்யாணம் பண்ணி வச்சாங்க. மருமக பேரு கிருபா. தங்கமான பொண்ணு. ஆனா... மாமியார் கிட்ட வந்தா, கண்ணு சொருகி, கைகால் விறைச்சு, பொத்துன்னு விழுந்துருவா. புருஷன் வந்தா விழல. மாமனார் வந்தா விழல. மாமியார் வந்தா மட்டும்!

ஊரு சும்மா இருக்குமா? "மாமியாரைக் கண்டாலே மயக்கமாம்ல!"ன்னு சிரிச்சுது. ரோசம்மாவுக்கு நெஞ்சு வெந்துபோச்சு. "என் மூஞ்சியில அப்படி என்னடி இருக்கு? நடிக்கிறியா?" பொண்ணை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

மகன் கெஞ்சினான். "அம்மா, ஒரே ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிருவோம். நீயும் வா."

அம்மா வீட்டுல இருந்து வந்த கிருபாவை வெளிய உக்கார வச்சுட்டு, நரம்பு டாக்டர் எல்லாத்தையும் கேட்டாரு. கேட்டுட்டு ரோசம்மாவையே பாத்தாரு. கறுப்பும் வெள்ளையுமா, நெருக்க நெருக்கமாக் கோடு போட்ட சேலை. அந்தம்மா பெட்டி நிறைய அந்த மாதிரிதான்.

"ஏம்மா, நீங்க வேற சேலை கட்டுற அன்னைக்கு இந்தப் பொண்ணு விழுந்திருக்கா?"

ரோசம்மா யோசிச்சாங்க... "இல்லீங்களே..."

ரோசம்மாவைக் கண்ணுல படாமப் பின்னால உக்கார வச்சுட்டு, கிருபாவைக் கூப்பிட்டுத் தலையில ஒயரை மாட்டி, வெறும் தாளைக் காட்டினாரு. மூளை ஓட்டத்தைக் காட்டுற மிஷின் அமைதியா ஓடுது. கோடு போட்ட தாளைக் காட்டினாரு... மிஷின் துள்ளுது! சட்டுன்னு தாளை மறைச்சாரு.

"கண்ணு பாக்குறதை மூளை துண்டு துண்டாத்தாம்மா வாங்குது. நிமிர்ந்த கோட்டைப் பாக்க ஒரு கூட்டம் நரம்பு, சாய்ஞ்ச கோட்டைப் பாக்க இன்னொரு கூட்டம். ஒரே மாதிரிக் கோடு நெருக்கமா வந்தா, ஒரு கூட்டம் மொத்தமும் ஒண்ணாக் கத்துது. நம்ம மூளை அதை அடக்கிரும். இவ மூளையால முடியல. இது வலிப்பு. மாத்திரை இருக்கு."

ரோசம்மா எந்திரிச்சு வெளிய போனாங்க. நர்ஸ்கிட்ட ஒரு வெள்ளைப் போர்வையை வாங்கி, கழுத்துல இருந்து கால் வரைக்கும் சுத்திக்கிட்டு வந்து, மருமக பக்கத்துல உக்காந்தாங்க.

"உனக்கு என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சுட்டேனேம்மா..."

"இல்லத்தே... விழப்போறேன்னு தெரிஞ்ச ஒவ்வொரு தடவையும், நான் உங்க கையைத்தான் பிடிக்க வந்தேன்."

அன்னைக்கே மருமகளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

எனக்கு அருமையானவங்களே... உங்க வீட்டுல ஒருத்தர் நீங்க கிட்ட வந்தா விலகுறாங்களா? முகத்தைத் திருப்புறாங்களா? "என்னை வெறுக்குறா"ன்னு தீர்ப்புச் சொல்லிட்டீங்களா? "உனக்கு என்னம்மா செய்யுது?"ன்னு கேட்டீங்களா? நீங்க அனுப்பி வச்ச அந்தப் பிள்ளை... உங்க கையைப் பிடிக்கத்தான் வந்திருக்கும். போய்க் கேளுங்க. இன்னைக்கே கேளுங்க.