சம்பந்தியம்மாவை ஜெயிச்ச கதை

…வேணாம் தாயீ, வேணாம், அந்த ஸ்டூலை என் பக்கம் தள்ளாதே! உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும். காலைல அப்படித்தான், கக்கூசுல உக்காந்தவ… சரி, அத விடு. நீ மீனைப் பாரு. இப்பத்தான் புகையிலேருந்து எடுத்தேன். இந்தா, மோந்து பாரு. பிஷ்கேக் போய்ச் சேர்ற வரைக்கும் கார்ல வாசனை நிக்கும். டிரைவர் திட்டுவான். திட்டட்டும்.

எது, இதுவா? கழுத்துல தொங்குறதா? மெடல். நேத்து குடுத்தாங்க. கழட்டித்தான் வச்சிருந்தேன். கழட்டினா, "ஏன் சைராகுல் நொண்டற, வீட்டுக்காரர் அடிச்சாரா?"ன்னு வர்றவ போறவ எல்லாம் கேக்கறா. மாட்டிக்கிட்டா கொஞ்சம் மரியாதையாக் கேக்கறாளுங்க.

எல்லாம் எங்க சம்பந்தியம்மாவால வந்தது தங்கச்சி. வெனேரா. பிஷ்கேக்குல பல் டாக்டர். என் பொண்ணு ஐசாதாவை அவ பையனுக்குக் கேட்டு, எங்க வழக்கப்படி நிச்சயத்துக்குக் காதுல தோடு போட வந்தாங்க. நான் ஆடு அடிச்சு, மேஜை கொள்ளாம பரப்பி வச்சிருக்கேன். அந்தம்மா ஒரு வெள்ளரித் துண்டைக் கொறிச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. இடுப்பா அது? என் ஒரு கைக்குள்ள அடங்கும். அதோட விட்டுச்சா… "சம்பந்தியம்மா, ஆகஸ்ட்ல உங்க ஏரியில டிரையத்லான் போட்டி. நான் பேர் குடுத்திருக்கேன். நீங்க குடுத்து வச்சவங்க, கரையிலேயே வீடு, தினம் நீந்துவீங்க இல்ல?"ன்னு கேக்குது. எல்லாப் பல்லையும் காட்டிக்கிட்டு.

நான் என்ன சொல்லியிருக்கணும்? "நமக்கு நீச்சல் வராதும்மா"ன்னுட்டு டீயை ஊத்தியிருக்கணும். இந்த வாய் சும்மா இருக்கா? "அட, நானும் குடுத்திருக்கேனே!"ன்னேன். எங்க வீட்டுக்காரர் வாயில வச்ச கறி அப்படியே நின்னு போச்சு.

சத்தியமாச் சொல்றேன், அது என்னன்னே எனக்குத் தெரியாது. மூணு போட்டி வச்சிருப்பாங்க, பிடிச்ச ஒண்ணை எடுத்துக்கலாம்னு நெனச்சேன். ஓட்டத்தை எடுத்துக்கிட்டு மெதுவா நடந்துடலாம்னு பாத்தேன். ஐசாதாதான் தலையில அடிச்சிக்கிட்டா. "அம்மா, மூணையும் நீயேதான் செய்யணும். நீந்தணும், எந்திரிச்சு சைக்கிள் மிதிக்கணும், எறங்கி ஓடணும். நடுவுல டீ கூடக் கெடையாது"ன்னா. டீ கூடவா? அது என்ன போட்டி தங்கச்சி, மனுஷங்களுக்கு வைக்கறதா?

நீ கேக்கறது புரியுது. பேரைக் குடுக்காம இருந்துட வேண்டியதுதானே? அதெப்படி… என் பொண்ணு அந்த வீட்டுக்கு மருமகளாப் போறவ. விடியக்காலைல எந்திரிச்சு, தலையில துணி கட்டி, எல்லாருக்கும் குனிஞ்சு டீ ஊத்தணும். "இவ அம்மா வெறும் வாய்ச்சவடால் மீன்காரி"ன்னு அங்க ஒரு பேச்சு கெளம்பிட்டா, ஆயுசுக்கும் அது அவ தலைமேல உக்காந்திருக்கும். நானும் அப்படி ஊத்தினவதான். கோப்பையை நீட்டுறவங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

சரி, எங்க விட்டேன்? ஆங், நீச்சல். இந்த ஊர்ல பொறந்து, இந்த ஏரி மீனை வித்துத்தான் வயித்தைக் கழுவுறேன். முழங்காலுக்கு மேல தண்ணி பட்டதில்ல. எங்க வீட்டுக்காரர் மிக்திபெக் ஆட்டுக்கயித்தை என் இடுப்புல கட்டிட்டு, ஒரு முனையைப் பிடிச்சிக்கிட்டு கரையில நிப்பார். முங்கினா இழுப்பார். சில நாள் முங்காமலே இழுப்பார், பசிக்குதுன்னு! குப்புற நீந்தக் கடைசி வரைக்கும் வரல. மல்லாந்து படுத்துக் காலை அடிச்சா போகுது. எங்க போகுதுங்கறதுதான் தெரியாது.

நேத்து காலைல பாக்கணும் நீ. அந்த ரப்பர் உடுப்புக்குள்ள என்னைத் திணிக்க மூணு பொம்பளைங்க. தலைகாணிக்கு உறை மாட்டுற மாதிரி ஒருத்தி பிடிக்க, ஒருத்தி குலுக்க… வெனேரா தூரத்துல நின்னு ஒரு தடவை கையாட்டிச்சு, மீன் மாதிரி உள்ள போயிடுச்சு. நான் பஸ்ல ஏறுற மாதிரி, எல்லாரும் போகட்டும்னு நின்னேன். அப்புறம் மல்லாந்தேன். கொஞ்ச நேரத்துல படகுல ஒரு பொண்ணு பக்கத்துல வந்து, "அக்கா, இதே வழியில போனா கஜகஸ்தான் வந்துடும், பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டீங்களா?"ங்கறா. கொழுப்பப் பாரு!

ஆனா ஒண்ணு… இத யார்கிட்டயும் சொல்லல. நடு ஏரியில காது ரெண்டும் தண்ணிக்குள்ள இருக்கு. லாரிச் சத்தம் இல்ல. எவனும் பேரம் பேசல. என் காலுக்கு நேரா நம்ம ஊர் தெரியுது, ஸ்டேஷன், வீடுங்க, எங்க புகைக்கூண்டு, எல்லாம் இத்துனூண்டு. அதுக்கு மேல மலை, பனி, வெயில்ல பளபளன்னு. கடை ரோட்டைப் பாத்துதானே இருக்கு, இத்தனை வருஷமா ஏரி எனக்கு முதுகுப் பக்கமாவே இருந்துட்டுது. நான்தான் திரும்பிப் பாக்கலையேன்னு நெனச்சதும் அழுகை வந்துடுச்சு. தண்ணிக்குள்ள அழுதா யாருக்குத் தெரியும்? உடனே ஒரு அலை வந்து வாயில அடிச்சுது. அழுகை நின்னுடுச்சு.

கரையேறினா அத்தனை சைக்கிளும் போயிடுச்சு. என்னோடது மட்டும் நிக்குது, முன்னால மீன்கூடையோட. கீழ ரெண்டு பூனை.

சரின்னு ஏறி மிதிச்சேன். வேர்க்க விறுவிறுக்க மிதிக்கறேன், ரோட்டோரமா துணியை விரிச்சு, கூஜா கிண்ணத்தோட எங்க நாத்தனார் கல்பூபு உக்காந்திருக்கு. வீட்டுக்காரரோட அக்கா. "ஏய் சைரா! எறங்கு!"

"போட்டி அண்ணி!"

"போட்டி எங்க ஓடிப்போகுது? குமிஸ் சூடாயிடும், எறங்குடி!"

நீயே சொல்லு தங்கச்சி, பெரியவங்க கூப்பிட்டு, விரிச்ச துணியைத் தாண்டிப் போக முடியுமா? நாளைக்கு அவங்க வாசலை மிதிக்க வேணாமா? ரெண்டு கிண்ணம் குடிச்சேன். புளிச்ச குதிரைப்பால்… அப்புறம் அந்த மேடுபள்ளத்துல சைக்கிள். வயித்துக்குள்ள குதிரையே ஓடுச்சு. போதாததுக்கு, பொரிச்ச போர்சோக் உருண்டையை ஒரு பொட்டலம் கட்டி என் சட்டைக்குள்ள திணிச்சு அனுப்பிச்சு மகராசி.

கடைசியா ஓட்டம். ஓட்டம்னு அவங்கதான் சொல்றாங்க. நான் நடக்கறேன். எனக்குப் பின்னால வேன்ல வந்து, நான் தாண்டத் தாண்ட வழிக்கொடியைப் பிடுங்கிப் போட்டுக்கிட்டே வர்றாங்க. அப்பத்தான் பாத்தேன், பாப்ளார் மரத்தடியில ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு ஒரு பொம்பளை. நம்ம வெனேரா! காலைப் பிடிச்சிக்கிட்டு, மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துப் போய்.

எனக்கு உள்ளுக்குள்ள துள்ளுச்சு. பொய் சொல்ல மாட்டேன். தாண்டிப் போயிடுன்னு மனசு சொல்லுது. ஆனா அது, "சம்பந்தியம்மா… தயவு செஞ்சு என் பையன்கிட்ட சொல்லிடாதீங்க"ன்னுச்சு பாரு. சின்னப் புள்ள மாதிரி.

"என்னத்த சாப்பிட்ட காலைல?"

"ஒரு வாழைப்பழம்."

வாழைப்பழமாம்! பொட்டலத்தைப் பிரிச்சேன். மாவையும் எண்ணெயையும் கண்டா ஒதுங்கிப் போற பொம்பளை, உருண்டை உருண்டையா முழுங்குச்சு. கால் நரம்பை நான் நீவி விட்டேன். வாயில மாவை வச்சிக்கிட்டே அது சொல்லுச்சு: "மருமகளா இருந்தப்ப வீட்டை விட்டு வெளிய வர ஒரு சாக்கும் கெடைக்காது எனக்கு. ஓடப் போறேன்னு சொன்னா, பைத்தியம், போய்த் தொலையட்டும்னு விட்டுடுவாங்க. அந்நேரம் யாருக்கும் டீ ஊத்த வேணாம். அப்படித்தான் இந்த ஓட்டம் ஆரம்பிச்சுது."

நான் நீவிக்கிட்டே இருந்தேன். அதுவே கேட்டுச்சு: "ஐசாதாவுக்கு ஓடப் பிடிக்குமா?"

"அவளா? சரியான தூங்குமூஞ்சி."

"தூங்கட்டும். டீயை என் பையன் போடட்டும்."

இத்தனை மாசமா நெஞ்சுல கெடந்த கல்லு… சரி, சரி, கண்ணுல புகை பட்டுடுச்சு, ஒண்ணுமில்ல.

ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு நடந்தோம். சேந்தே முடிப்போம்னு பேச்சு. முடிவுக் கோடு தெரியுது, சனம் கைதட்டுது, எங்க வீட்டுக்காரர் தொப்பியை ஆட்டுறார், அவ பையன் போன்ல படம் பிடிக்கறான்… யாரு முதல்ல கையை விட்டாங்கன்னு மட்டும் கேக்காதே. அவளும் சொல்ல மாட்டா, நானும் சொல்ல மாட்டேன். ரெண்டு பேரும் ஓடினோம் பாரு ஒரு ஓட்டம்! செத்துப்போன காலு எங்கேருந்து உசுரு வாங்குச்சோ! அவ முழங்கை என் விலாவுல, என் இடுப்பு அவ தொடையில. கூட்டம் விசிலடிக்குது. அவளுக்குத் தலை முந்துச்சு. ஆனா அங்க நெஞ்சைத்தான் பாப்பாங்களாம். நெஞ்சுன்னா… அல்லா குடுத்தது கொஞ்சம், மிச்சமிருந்த போர்சோக் கொஞ்சம். முடிச்ச எல்லாருக்கும் மெடல் உண்டு, ஆனா நான் கடைசிக்கு முந்தி. அவதான் கடைசி!

காலைல போன் போட்டுச் சண்டை. "போர்சோக் எல்லாம் கணக்குல சேராது"ங்கறா. சேராதாம்ல! வை போனைன்னேன். வச்சிட்டு, திரும்ப அவளே கூப்பிட்டு, கால் வலிக்கு என்ன தடவறதுன்னு கேக்கறா.

இதுல கொடுமை என்னன்னா, அடுத்த வருஷமும் போட்டி உண்டு. இதே மாதிரி ரெண்டு மடங்கு தூரம்! எங்க ரெண்டு பேர் பேரும் அதுல ஏறியாச்சு. எந்தப் பாவி குடுத்தான்னா கேக்கற? …நான்தான். காலைல எழுந்ததும் முதல் வேலையா போன்லயே பதிஞ்சுட்டேன். வாய்தான் இப்படின்னா இப்ப கையும் சும்மா இருக்கறதில்ல. வெனேராகிட்டயா? இன்னும் சொல்லல. பயமா இருக்கு தங்கச்சி.

அட, உன் டிரைவர் ஹாரன் அடிக்கறான். இரு, கட்டித் தரேன். நீ பிஷ்கேக்தானே போற? அவ பல் ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலதான், பச்சை பெயின்ட் கட்டடம். ஒரு எட்டு உள்ள போய், பக்குவமா நீயே சொல்லிடேன்… பல்லுக்குக் காட்ட வந்தவ மாதிரி உக்காந்து, மெதுவா… ஏய்! தங்கச்சி! எங்க ஓடற? மீனை வாங்காமலே போறியே!