புளிக்காத சாறு

கோயில்பிள்ளையாக இருந்த இருபத்தெட்டு வருஷத்தில் நான் ஒரு சாவியைக்கூடத் தொலைத்ததில்லை. கோயில் பெரிய கதவு, மணிக்கூண்டு, பாத்திர அலமாரி, பூசைக்கான திராட்சை இரசம் வைக்கும் இரச அலமாரி என்று மொத்தம் பதினொரு சாவி. தூங்கும்போதும் இடுப்பில்தான் கிடக்கும். கல்யாணமான புதிதில் என் மனைவி, "திரும்பிப் படுத்தா வீட்டுக்குள்ள ஆடு வந்த மாதிரி இருக்குங்க" என்றாள். பிறகு அவளுக்கு அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராமல் போனது.

ஆயர் இல்லத்து வக்கீல் நீங்கள் வருகிறீர்கள், டீச்சரைப் பற்றி விசாரிக்கப் போகிறீர்கள் என்று நேற்றே கேள்விப்பட்டேன். இறந்துபோன பங்குச் சாமிக்கு மறைவாகக் குடி வாங்கிக் கொடுத்தது பங்குப் பேரவைத் தலைவியான டீச்சர்தான் என்று மொட்டைக் கடிதம் வந்திருக்கிறதாமே. எழுதியவரை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் கையில் வைத்திருப்பது மருந்துக்கடையில் மாத்திரை மடித்துத் தரும் தாள். அந்த டீச்சர் மேல் எனக்கு ஆயிரம் சந்தேகம் உண்டு ஐயா. இது மட்டும் இல்லை. எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் உட்காரச் சொன்னேன். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறுகிறது.

எங்கள் பங்கில் இரண்டு கட்சி. பீடத்துக்கு முன்னால் ஒரு மரக் கிராதி இருந்தது. அதன் முன் வரிசையாக முழங்காலிட்டு நாக்கில் நற்கருணை அப்பம் வாங்குவோம். அதை எடுக்க வேண்டும் என்று பேச்சு வந்த நாளில் பிறந்த கட்சிகள் இவை. எடுக்கக் கூடாது என்றவர்கள் முழங்கால் கட்சி. எடுத்தால்தான் சக்கர நாற்காலி உள்ளே வரும் என்றவர்கள் நாற்காலிக் கட்சி. எனக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், எழுந்திருக்கும்போது கதவுக் கீல் மாதிரி சத்தம் போடும். இருந்தும் நான் முழங்கால் கட்சிதான். வலிக்கிற பக்கம்தான் உண்மை இருக்கும் என்று ஒரு கணக்கு.

கட்சித் தலைவர் மருந்துக்கடைக்காரர். அவருக்கு ரோமின் மேலேயே சந்தேகம். ஆயரெல்லாம் எம்மாத்திரம். இருமலுக்கு மருந்து வாங்கப் போனால், திருச்சபையை உள்ளிருந்து அழிப்பது யார் என்று கைப்பேசியில் ஒரு மணி நேரம் காட்டிவிட்டுத்தான் மருந்தை எடுப்பார். அதற்குள் பாதிப் பேருக்கு இருமல் நின்றிருக்கும்.

பங்குச் சாமிக்கு நாற்பது வயதிருக்கும். வந்த மூன்றாம் மாதம் கிராதியை எடுத்தார். ஆறாம் மாதம் டீச்சரைப் பேரவைத் தலைவி ஆக்கினார். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் மருந்துக்கடைக்காரர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாமியின் மேல் எனக்கிருந்த சந்தேகங்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவந்தேன். இப்போது எடுத்துப் படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. "இன்றும் பிரசங்கத்தில் நரகம் வரவில்லை." "பூசை முடிந்து விசிலடித்தார். மாதா பாட்டுதான், ஆனாலும் விசில்." "டீச்சரிடம், நீங்க என்ன நினைக்கிறீங்க என்று கேட்டார்." கடைசியாகச் சொன்னதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

பீடத்துக்குப் பின்னால் சாமி உடுப்பு மாற்றும் அறைக்குச் சக்கிறீஸ்து என்று பெயர். அங்கே இரச அலமாரியில் ஒரு நாள் அவர் தம் கையாலேயே ஓர் அட்டைப் பெட்டியை வைத்தார். "அண்ணே, இவ்வளவு நாள் நானே கொண்டுவந்து ஊத்திக்கிட்டேன், இனி என் பூசைக்கு இதுலேருந்தே ஊத்துங்க. மத்த சாமிங்க வந்தா பழைய ரசம்" என்றார். பெட்டிக்குள் பன்னிரண்டு போத்தல். மேலே ஓர் உறை செருகியிருந்தது. உறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவர் போனதும் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனிப்பு. புளிக்காத திராட்சைச் சாறு, அவ்வளவுதான். இரசம்தானே பூசையில் கிறிஸ்துவின் இரத்தமாகிறது? சாறு என்னவாகும்? அப்படியானால் இத்தனை மாதமாக ஊரே எதன் முன் முழங்காலிட்டது?

வீட்டில் சொன்னேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உடம்புக்கு ஆகாம இருக்கும். உங்களுக்குச் சர்க்கரை வியாதின்னு நான் காப்பியில சர்க்கரை போடறதில்ல. அது காப்பி இல்லையா?"

"காப்பி முன்னால யாரும் முழங்கால் போடறதில்ல."

"நீங்க போடுவீங்க. காலையில அரை மணி லேட்டானா தெரியும்" என்றாள்.

அவள் சொன்னது சரி என்று அப்போதே பட்டது. சரியாகப் படுகிற எதையும் நம்பக் கூடாது என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலைப் பூசைக்குச் சாமியின் கண்ணாடிக் குடுவையில் சாற்றை ஊற்றிவிட்டு, அதில் ஒரு தேக்கரண்டி நிஜ இரசம் சேர்த்தேன். திருச்சபைக்கு நான் செய்த தொண்டு என்று அதை எண்ணிக்கொண்டேன். ஒரே நாளில் மாற்றினால் கண்டுபிடித்துவிடுவார் அல்லவா? ஆகவே ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டாம் வாரத்தில் கால் பங்கு. நான்காம் வாரத்தில் பாதிக்குப் பாதி. குருத்து ஞாயிறுக்குள் முழுக்க இரசம். மிஞ்சிய சாற்றைச் சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. நானே குடித்தேன். என் சர்க்கரை முந்நூற்றைத் தொட்டது. அதையும் என் தவக்கால ஒறுத்தலில் சேர்த்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் என்று நினைக்கிறேன். பூசை முடிந்து சாமி உள்ளே வந்தவர், அங்கியைக் கழற்றாமல் நின்றார். குடுவையை என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, இதை மோந்து பாருங்க. ஏதாவது வாசம் வருதா?"

மோந்தேன். "திராட்சை வாசம்தான் சாமி."

"வேற எதுவும் இல்லையே?"

"இல்லையே சாமி. ஏன்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் ஒரு கால் குட்டை. நான் எப்போதும் அட்டையை மடித்து அதன் கீழே வைப்பேன். அன்று வைக்க மறந்திருந்தேன். அவர் லேசாக ஆடிக்கொண்டே பேசினார்.

"நான் குடிகாரனா இருந்தவன் அண்ணே. ஏழு வருஷம் ஆச்சு விட்டு. ஒரு சொட்டு பட்டாப் போதும், திரும்ப இழுத்துக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் இந்தச் சாறு. இப்போ ஒரு வாரமா நாக்குல அந்த ருசி வருது. சாறுலயே வருது. மனசு திரும்பிப் பழைய இடத்துக்குப் போகுது போல. நானே என்னை ஏமாத்துறேன் போல."

"ரொம்ப வேலை சாமி உங்களுக்கு. சரியாத் தூங்குங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பார்த்துச் சொன்னீங்க, அது போதும். இந்தப் பங்குல எல்லாருக்கும் என் மேல சந்தேகம். உங்களுக்கு மட்டும் இல்ல."

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். அன்றைக்கு எழுத ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள் ஒரு கரண்டி கூட்டினேன்.

ஏன் நிறுத்தவில்லை என்று உங்கள் முகம் கேட்கிறது. அந்த வாரம்தான் பேச்சு அடிபட்டது: ஆயருக்கு அடுத்த இடம், மறைமாவட்ட முதன்மைக் குரு, எங்கள் சாமிதானாம். மருந்துக்கடையில் ஏழு பேர் கூடியிருந்தோம். "இவரு மேல போனா, மறைமாவட்டம் முழுக்கக் கிராதி போச்சு. ஒவ்வொரு பீடத்துலயும் ஒரு டீச்சர் நிக்கும்" என்றார் கடைக்காரர். யாராவது ஏதாவது செய்ய வேண்டும் என்று எல்லோரும் தலையாட்டினோம். கூட்டத்தில் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் சொல்லவில்லை. தற்பெருமை பாவம்.

ஈஸ்டர் பாஸ்கு முடிந்ததும் சாமியின் கை நடுங்க ஆரம்பித்தது. பூசைக்கு அரை மணி முன்பே சக்கிறீஸ்துக்கு வந்துவிடுவார். பேசுவது என்னிடம், பார்ப்பது அலமாரியை. அப்போதுதான், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், இரச அலமாரிச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றிக் கதவோர ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். முதலிலேயே சொன்னேன் அல்லவா, நான் சாவியைத் தொலைப்பவன் இல்லை. தொலைக்கவில்லை. மாட்டிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது சாவி அதே ஆணியில் இருந்தது. வேறு பக்கம் பார்த்துத் தொங்கியது. அலமாரியில் இரண்டு இரசப் போத்தல் குறைந்திருந்தது. சாமி குடிக்க வேறிடத்துக்குப் போய்விடாமல் இருக்க, அடுத்த வாரமே கூடுதலாக வாங்கி அடுக்கினேன். கோயில் இரசம்தானே, கண்ட கடைச் சரக்கு இல்லையே என்று அதில் எனக்கொரு சமாதானம்கூட இருந்தது.

அதற்கப்புறம் நடந்தது உங்கள் கோப்பிலேயே இருக்கும். ஞாயிறு காலை, பங்கு மண்டபம், ஆயர் முன்வரிசையில். சாமி பேச எழுந்தார். "அன்பார்ந்த" என்ற ஒரு சொல்லை நான்கு முறை ஆரம்பித்தார். விழாமலிருக்க டீச்சரின் தோளைப் பிடித்தார். அந்தம்மா அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "ஃபாதருக்கு உடம்பு சரியில்ல, யாராவது தண்ணி கொண்டாங்க" என்றார். முந்நூறு பேரில் ஒருவரும் எழவில்லை. மருந்துக்கடைக்காரர் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்தார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். "தேங்க்ஸ் அண்ணே" என்றார். அந்தச் சொல் மட்டும் தெளிவாக வந்தது.

செவ்வாய்க்கிழமை பதவி விலகல் கடிதம் எழுதிவைத்துவிட்டு, சிகிச்சை இல்லத்துக்கென்று மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். போவதற்கு முன் சக்கிறீஸ்துக்குள் போய்வந்தார். நான் வாசலில் நின்று வழிவிட்டேன். பாலத்துக்கு முந்திய வளைவில் நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதினார். பகல் பதினொரு மணி, நல்ல வெளிச்சம். லாரிக்காரர் இன்றைக்கும் வண்டி எடுப்பதில்லையாம்.

அந்தக் கடிதத்தை ஆயர் அடக்கப் பூசையில் வாசித்தார். யாரையும் குறை சொல்லவில்லை. "என் நாக்கையும் மூக்கையுமே நான் நம்பாமல் போன நாட்களில், என்னைச் சந்தேகிக்காத ஒருவர் இருந்தார். எங்கள் கோயில்பிள்ளை. அவருக்கு என் நன்றி" என்று ஒரு வரி. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் மனைவி மட்டும் பார்க்கவில்லை. காலியான சாற்றுப் போத்தல்களை எங்கள் வீட்டுப் பரணில் அவள் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து அவள் கூடத்தில் படுக்கிறாள். சாவிச் சத்தம் தொந்தரவாக இருக்கிறதாம்.

எங்கள் கட்சி ஜெயித்தது. கிராதி திரும்பி வந்தது. புதுச் சாமி மக்களுக்கு முதுகு காட்டி லத்தீனில் பூசை வைக்கிறார். எங்களில் ஒருவருக்கும் லத்தீன் புரியாது என்பதால் பிரசங்கத்தில் நரகம் வருகிறதா என்று கவலையும் இல்லை. போன மாதம் அவருக்கு உடுப்பு எடுத்துக் கொடுக்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்: "புளிக்காத சாறு வச்சா பூசை செல்லுமா சாமி?"

"தாராளமாச் செல்லும். நோயாளிக் குருக்களுக்கு ஆயர் அனுமதி கொடுத்தாப் போதும், ரோம் எப்பவோ ஒத்துக்கிட்ட விஷயம்" என்றார். எங்கள் ஆள், முழங்கால் கட்சி ஆள், அப்படிச் சொன்னார்.

அதைக் கேட்டு இடிந்துபோனேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம் என்றுதான் நேற்று வரை நினைத்திருந்தேன். அறியாமைக்குத் தண்டனை குறைவு. ஆனால் டீச்சர் நம் கோயில் பள்ளிக்கூடத்து வேலையை இழந்துவிடக் கூடாது. ஆகவே அந்த உறையைக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ. பெட்டி வந்த அன்றே, மூடியைத் திறந்ததும் முதலில் படித்தது இதைத்தான். சாற்றைச் சுவைத்தது அதற்கப்புறம். இந்தக் குரு குடிநோயிலிருந்து மீண்டவர், இரசம் அவர் உயிருக்கே ஆபத்து, ஆகவே புளிக்காத திராட்சைச் சாறு பயன்படுத்த இதனால் அனுமதி அளிக்கிறோம். கீழே ஆயரின் கையெழுத்தும் முத்திரையும். கோயில்பிள்ளைக்கும் இதைத் தெரிவிக்கவும் என்று ஓரத்தில் ஒரு வரி.

தேதியைப் பார்த்தீர்களா? சாமி இந்தப் பங்குக்கு வருவதற்கு முந்திய மாதம். டீச்சர் அப்போது இந்த ஊருக்கே வந்திருக்கவில்லை. முத்திரையும் அசல். அதே ஆயரின் மோதிரத்தை வருஷா வருஷம் முழங்காலிட்டு முத்தமிட்டவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் எல்லாம் முடிந்ததும் ஆயரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள் ஐயா, இதை உண்மையிலேயே அவர்தான் எழுதினாரா என்று. எனக்கு இன்னும் ஒரு சின்னச் சந்தேகம் இருக்கிறது.