எலுமிச்சம்பழம் காப்பாற்றிய கலியாணம்

வாலாஜாபாத் தாண்டிய ரயிலில், காஞ்சிபுரத்துச் சாயக்காரர் மனைவி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "ஒரு எலுமிச்சம்பழந்தான் எம் பொண்ணு கலியாணத்தைக் காப்பாத்திச்சு." எதிரில் உட்கார்ந்திருந்த நான் ரசாயனப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"எப்படிக்கா?"

"மஞ்சள்ல நனைச்ச பொடவையில நாலு வெரல் தடம், ரத்தமாட்டம். அபசகுனம், கலியாணம் வேணாம்னு மாப்பிள்ளையோட அக்கா எழுந்துக்கினா."

"அய்யய்யோ."

"அவதான் அதுக்கு முன்னால வெத்தலை போட்டுக்கினே பொடவையைத் தடவிப் பாத்தா. வெரலெல்லாம் சுண்ணாம்பு. மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவக்கும், புளிப்பு பட்டா திரும்பிடும். சாயக்காரன் பொண்டாட்டிக்குத் தெரியாதா? தாம்பாளத்துப் பழத்தை எடுத்து அவ எதிர்லயே பிழிஞ்சேன். தடம் பூரா மஞ்சளாயிடுச்சு."

"அவ என்னா சொன்னா?"

"நாந்தான் 'மொதல்ல கையைக் கழுவும்மா'ன்னேன். கழுவிக்கினு வந்து, தாலிக்கு மூணாவது முடிச்சு அவதான் போட்டா."