முப்பத்திரண்டு ஓம்ஸும் நாலு செகண்டும்

— வேண்டாங்ண்ணா. இந்த ஹெட்போனுக்குத் தனியா ஆம்ப்ளிஃபயர் தேவையே இல்லீங்க. அதை விக்கிறவனே சொல்றேன், நம்புங்க.

— வேணும் அண்ணாச்சி. சத்தம் பத்தல.

— போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. சொல்லிப்போட்டுப் பெரிய ஹெட்போனா எடுத்துட்டுப் போனீங்க. அதுக்கு முந்தின வாரம் காதுக்குள்ள சொருகறது ஒண்ணு. குருசாமிண்ணா ஒருத்தரு போதுமுங்க எனக்கு, கடைக்கு வேற ஆளே வர வேண்டாம்.

— ரெண்டுலயும் கேக்கலையே. எங்க சூப்பர்வைசர்ட்ட சொன்னேன். ஆம்ப் ஒண்ணு வாங்கி மாட்டு, செவுட்டுக் காதுக்கும் கேக்கும்னாரு.

— அவரு பனியன் துணிக்குத்தானுங்க சூப்பர்வைசரு, என் கடைக்கு இல்லீங்களே. இங்க டப்பா மேல பாருங்க, முப்பத்திரண்டு ஓம்ஸ்னு போட்டிருக்குது. அகலமான பைப்புன்னு வெச்சுக்குங்க. தள்ளி உடறதுக்குப் பெரிய மோட்டாரு எதுக்கு? உங்க போனுக்குள்ள இருக்கற சுண்டைக்கா மோட்டாரே போதும். முன்னூறு ஓம்ஸ்னா அது சன்னப் பைப்பு. அப்ப வாங்க, நானே உங்க தலையில ஆம்ப்பைக் கட்டி அனுப்பறேன்.

— சன்னமோ அகலமோ, எனக்கு வெவரம் தெரியாது. சத்தம் கூடுமா கூடாதா, அத மட்டும் சொல்லுங்க.

— கூடுமுங்க. கூடவே இரைச்சலும் கூடும். நானும் ஒருக்கா ஆசைப்பட்டு, நல்ல ஆம்ப்பு ஒண்ணைப் போட்டு, நான் பாடி வெச்ச பாட்டைக் கேட்டனுங்க. அதுவரைக்கும் மைக்கு சரியில்லைன்னு நெனச்சுட்டு இருந்தேன். கோளாறு எங்கேன்னு அன்னைக்கு வெட்டவெளிச்சமா ஆயிப்போச்சு. சரி, நீங்க என்ன பாட்டுங்க கேக்கறீங்க?

— பாட்டு இல்ல. வாய்ஸ் மெசேஜ்.

— வாய்ஸ் மெசேஜுக்கா இத்தனை ஹெட்போனு? திருப்பி அனுப்பச் சொல்லுங்க அவங்களை, வேலை முடிஞ்சுது.

— எம் பொண்டாட்டி அனுப்புனது. செத்துப்போயி நாப்பத்தோரு நாள் ஆச்சு.

— ...அட சாமி. மன்னிச்சுக்குங்கண்ணா. என் வாயி எப்பவுமே இப்படித்தானுங்க, எங்க நிறுத்தணும்னு அதுக்குத் தெரியாது. உக்காருங்க. ஃபேனுக்கு நேரா உக்காருங்க.

— பரவால்ல அண்ணாச்சி. நீங்க சிரிச்சுப் பேசுறதாலதான் இங்கயே வாரேன். மத்த எல்லாரும் எம் மூஞ்சியப் பாத்ததும் தலையக் குனிஞ்சுக்கிடுதாக.

— எப்படிங்க ஆச்சு?

— நெருப்பெரிச்சல் ஊருக்குப் போற ரோட்டுல. சாயங்காலம் வேலை விட்டு எப்பவும் ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான் போவோம். அன்னைக்கு அவ நடந்து போனா. லாரிக்காரன் பாக்கல.

— அவங்களும் உங்க கம்பெனிதானுங்களா?

— ஒரே செட்டுக்குள்ளதான் வேலை. நான் நிட்டிங் மெஷின் ஓட்டுதேன். அவ துணி செக்கிங். கண்ணாடி டேபிளுக்கு அடியில டியூப்லைட்டு எரியும், மேல துணி ஓடும், ஓட்டை கீட்டை இருந்தாப் புள்ளி வைப்பா. பேரு முத்துப்பேச்சி. கீழருந்து வெளிச்சம் அடிக்குமா, எம்புட்டுத் தூரத்துல நின்னாலும் அவ மொகம் மட்டும் பளிச்சுன்னு தெரியும்.

— அத்தனை மெஷின் ஓடுற எடத்துல எப்படிங்க பேசிக்குவீங்க?

— வாயசைப்புத்தான். தொண்டைய எதுக்கு வீணாக்கன்னு எல்லாருமே அப்படித்தான். ‘டீ வந்துட்டு’, ‘ஓனர் வாராரு’, எல்லாம் உதட்டப் பாத்தே தெரிஞ்சுக்கிடுவோம். சண்டைன்னாலும் லேசு. மொகத்தத் திருப்பிக்கிட்டாப் போதும், எதுக்க நிக்கிற ஆளு எம்புட்டுத்தான் திட்டுனாலும் காதுலயே விழாது.

— இந்த வசதி எங்க ஊட்டுல இல்லீங்களே. எங்கூட்டுக்காரி சித்ரகலா பேசுனா சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னாலும் தெளிவாக் கேக்கும். அவளுக்குத்தான் எந்த ஆம்ப்பும் வேண்டாம்.

— எங்களுக்கு வீட்டுலயும் அதே பழக்கம்தான் அண்ணாச்சி. பதினோரு வருசம். எதுக்க ஆளப் பாத்துட்டா அவளுக்குச் சத்தமே எழும்பாது, வாய் மட்டும்தான் அசையும். சங்கரன்கோயில்ல அவ சொந்தக்காரக, ரெண்டுக்கும் கிறுக்கான்னு கேப்பாக. போன்ல பேசும்போதுதான் அவ குரல நானே கேப்பேன்.

— மெசேஜுல என்னங்க சொல்றாங்க?

— முதல்ல கேக்குது. கடைசியில நாலு செகண்டு. அதுல என்னமோ சொல்லுதா. அதுதான் கேக்கல. ஒரு நாளைக்கு அம்பது தடவ கேக்குதேன். எம் பேரைச் சொல்லுத மாதிரி இருக்கு, அடுத்த வாட்டி இல்லாத மாதிரி இருக்கு.

— காதை ஒருக்கா டாக்டருகிட்டக் காட்டுனீங்களா?

— காட்டுனேன். செட்டு எரைச்சல்ல சன்னமான சத்தத்துக்கு மட்டும் கொஞ்சம் கொறைஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்லன்னாரு. ஆனா ராவும் பகலும் என்னமோ கேட்டுக்கிட்டேதான் அண்ணாச்சி இருக்கு. செக்கிங் டேபிளுக்கு இன்னும் ஆள் போடல, லைட்ட அணைச்சுத்தான் வச்சிருக்காக. ஆனா மெஷின் ஓட்டும்போது முதுகுல அந்த லைட்டு எரியுது. சூடு தெரியுது. அவ நிக்கா, வாயசைக்கான்னு தெரியுது. திரும்புனா இருட்டா துணி கெடக்கு.

— அந்தப் போனை இங்க கொடுங்க. விக்க மாட்டேன்னு சொன்ன ஆம்ப்புல நானே மாட்டிக் கேக்கறேன். இருபது வருசம் மைக்செட்டு கட்டுனவனுங்க. பாட்டுக்குத்தான் இந்தக் காது உதவல, இதுக்காச்சும் உதவட்டும்.

— மெதுவா வையுங்க அண்ணாச்சி. அழிஞ்சிரப் போவுது.

— அழியாதுங்க. முதல்ல ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டேன் பாருங்க. ம்... மெஷின் சத்தம்... வளையல்... ‘சோறு ஹாட்பாக்ஸுல இருக்கு. சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு. எம்மேல இருக்க கோவத்துல பட்டினி கெடக்காதீய.’ ஏனுங்ண்ணா, சண்டைங்களா?

— எட்டு நாள் பேசல. அவ தம்பி கல்யாணத்துக்குப் போகணும்னா. லீவு கெடையாதுன்னேன். நீங்க வரலன்னா நான் மட்டும் போறேன்னா. அம்புட்டுத்தான் சண்டை.

— இதை அன்னைக்கே கேட்டீங்களா?

— வந்தது தெரியும். ஷிஃப்டுல இருந்தேன். அவதான்னு பாத்துட்டு, கேக்காமப் பையில போட்டுட்டேன். மூணாம் நாளு, எல்லாம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறந்தான் கேட்டேன்.

— சரிங்க. விடுங்க. நாலு செகண்டு வருது, இருங்க. ...இன்னொருக்கா. ...இன்னும் ஒருக்கா கேட்டுக்கறனுங்க.

— என்ன சொல்லுதா அண்ணாச்சி?

— குருசாமிண்ணா, இப்படித் திரும்புங்க. நான் சொல்றதை நிதானமாக் கேளுங்க. இதுல கொரலு இல்லீங்க.

— சன்னமா இருக்கும். இன்னும் கூட்டி வையுங்க.

— கூட்டித்தான் வெச்சிருக்கேன், இதுக்கு மேல வெச்சா என் காது போயிரும். அவங்க போனை வாய்க்குக் கிட்டத்துல புடிச்சிருக்காங்க. மூச்சுக்காத்து மட்டும் மைக்குல வந்து மோதுது. விட்டு விட்டு, நாலு வாட்டி. மேடையில மைக்கு முன்னால நின்னு சத்தமில்லாம மந்திரம் முணுமுணுப்பாங்கல்ல, அச்சு அசல் அதே மாதிரி. பேசுறாங்க, ஆனா சத்தம் போடலீங்க. வாயசைக்கறாங்க.

— போன்ல எதுக்கு வாயசைக்கணும்?

— போனுக்குத்தான் பேச ஆரம்பிச்சிருக்காங்க. நடுவுல தலை நிமிந்து யாரையோ பார்த்திருக்காங்க. நீங்கதானுங்க சொன்னீங்க, ஆளைப் பார்த்தாச் சத்தம் எழும்பாதுன்னு. பதினோரு வருசப் பழக்கம், கையில போன் இருக்கறதே மறந்துபோச்சு.

— அப்ப அவ ஒண்ணும் சொல்லலயா?

— சொல்லியிருக்காங்கண்ணா. காதுக்குச் சொல்லல, கண்ணுக்குச் சொல்லியிருக்காங்க. அதனாலதான் சொல்றேன், ஆம்ப்பு வேண்டாங்க. நூறு ஆம்ப்பு மாட்டுனாலும் இல்லாத சத்தத்தை எங்க இருந்து கொண்டுவரும்? இந்த ரெண்டு ஹெட்போனையும் திருப்பிக் கொடுத்துருங்க, நான் எடுத்துக்கறேன்.

— நாலு செகண்டு அண்ணாச்சி. நாலு செகண்டு என்னமோ சொல்லியிருக்கா.

— தெரிஞ்சுக்கறதுக்கு வழியில்லாம இல்லீங்க. இருங்க, அழாதீங்க. உங்க செட்டுல எல்லாருக்கும் உதட்டைப் படிக்கத் தெரியுமல்ல? அந்த டேபிளுக்கு நேர் எதுக்க மெஷின் ஓட்டறவரு யாருங்க? அவரு பார்த்திருப்பாரு. பளிச்சுன்னு தெரியற மொகம், பார்க்காம இருந்திருக்க முடியாது.

— ஆறாம் நம்பர் மெஷினு.

— ஆங், அந்த ஆறாம் நம்பர்க்காரரு. நாப்பது நாளு ஒண்ணும் பெருசில்லீங்க, ஞாபகம் இருக்கும். இப்பவும் அங்கதானே வேலையில இருக்காரு? நம்பரு குடுங்க, உங்களுக்குச் சங்கட்டமா இருந்தா நானே கேக்கறேன். வாயி எனக்குத்தான் பெருசாச்சே.

— கேட்டுப் பிரயோசனமில்ல அண்ணாச்சி.

— ஏனுங்க?

— ஆறாம் நம்பரு என்னுது. எட்டு நாளா அவளுக்கு முதுகக் காட்டிக்கிட்டுத்தான் நின்னேன்.