நான் இருக்கையில் படுக்காத பெட்டி

– எழுபத்தேழு மணித்தியாலமும் இருபது நிமிசமும். இன்னும் படுக்கேல்லை.

– உன்னில பயம், டிலக்சி. திங்கக்கிழமையில இருந்து கதிரையைப் போட்டு முன்னால இருந்தால் எந்தப் பெட்டிதான் படுக்கும்? நானே கொட்டாவி விடப் பயந்துகொண்டெல்லோ இருக்கிறன்.

– பகிடி விடாத, பிரணவன். நாளைக்குப் பத்து மணிக்கு நீர்ப்பாசனக் கந்தோரால பார்க்க வருகினம். வாய்க்காலுக்குத் தண்ணி விடுற துருசுக் கதவைத் திறந்து பூட்டுற கொம்பியூட்டர் இடையில படுத்தால் ஆர் ஏற்பினம்? ஏற்றால் மற்றப் பதினொரு துருசுக்கும் இதே பெட்டி. இல்லாட்டி என்ர வேலை நாளையோட சரி.

– ஒண்டும் நடக்காது. பஸ்ஸைப் பிடி, மன்னார்ப் பாலத்தைத் தாண்டு, தாழ்வுபாட்டு மீனில சொதி வைச்சுச் சாப்பிட்டிட்டு நித்திரையைக் கொள்ளு. துருசுக் காவலுக்கு நான் இருக்கிறன்தானே.

– நான் பஸ் ஏறினால்தான் இது படுக்கிறது. ஒன்றரை மாதத்தில அஞ்சு தரம். அஞ்சும் நான் இல்லாத நேரம். மன்னாரில என்ர மேசையில இதே மாதிரிப் பெட்டி பதினெட்டு நாள் ஓடினது. ஒருக்காலும் படுக்கேல்லை.

– உங்கட பக்கம் கடல் காத்து. இஞ்ச தகரக் கூரை. எனக்கே மூளை உருகுது, கண்டியோ.

– வெக்கை இல்லை. பார்த்தனான்.

– அப்ப என்னவாம்?

– கேர்னல். பெட்டிக்கு ஆக அடியில ஓடுற புறோகிராம். மற்றதெல்லாம் மெமரியில இடம் வேணுமெண்டால் அதிட்டத்தான் கேக்க வேணும். அது குடுக்கும், பிறகு திருப்பி எடுக்கும். அதிலதான் பிழை.

– எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு.

– களத்தில நெல்லுக் கொட்ட ஒருத்தருக்கு இடம் குடுக்கிறாய். அவர் அள்ளிக்கொண்டு போயிட்டார். அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுத்திட்டாய். பழைய ஆள், தான் விட்டுப் போனதை மறந்து திரும்பி வந்து, மற்றவற்ற நெல்லுக்கு மேல தன்ர நெல்லைக் கொட்டுறார்.

– அண்டைக்கு வெட்டுக்குத்துத்தான்.

– அந்த இடத்தில வேற ஆரும் கொட்டாமல் இருந்தால் ஒண்டும் நடக்காது. அதுதான் எப்ப படுக்கும் எண்டு பிடிக்கேலாமல் இருந்தது.

– ஆர் அந்த மறதிக்காரன்?

– இந்தக் கேபிள். வாய்க்கால் நீர்மட்டத்தை அளந்து பெட்டிக்குச் சொல்லுறது. இதைக் கழட்டினால் தன்ர இடத்தை விடும். மாட்டினால் புது இடம் கேக்கும். ஆனால் பழைய இடத்திலயும் போய் எழுதும்.

– கேபிளை ஆர் கழட்டுறது? எலியாக்கும். இஞ்ச கனக்க எலி.

– நானும் எலி எண்டுதான் நினைச்சனான். நேற்றுத்தான் பெட்டி படுக்க முந்தின பதிவுகளை மீட்டெடுத்தன். ஒவ்வொரு முறையும் கேபிள் கழண்டு மாட்டுப்பட்டிருக்கு. கடைசி முறை பதினாலு தரம்.

– பெரிய எலிதான்.

– ரெண்டு செக்கனுக்கு ஒருக்கா, பிரணவன். கழட்டி, மாட்டி. பதினாலு தரம்.

– எலிக்குப் பொழுது போகேல்லைப் போல.

– அஞ்சும், வயலுகளுக்கு முறை வைச்சுத் தண்ணி விடுற நாள். திங்கள், இல்லாட்டி வியாழன். நாலு மணிக்குக் கதவு பூட்டுறதுக்குப் பத்து நிமிசம் முன்னம். இண்டைக்கு வியாழன். இப்ப மூண்டரை. நான் எழும்பிப் போனால் நீ கழட்டுவாய்.

– முதல் தரம் சத்தியமாத் தெரியாது. போனில சார்ஜ் இல்லை. அந்த ஓட்டையில போடுவம் எண்டு இதைக் கழட்டினனான். போன் ஏறேல்லை, திரும்ப மாட்டினன், திரும்பக் கழட்டினன். பெட்டி அப்பிடியே நிண்டிட்டுது. கதவு பூட்டேல்லை. அடுத்த நாள் காலமை நீ வந்து எழுப்பும்வரைக்கும் தண்ணி ஓடினது.

– தானா எழும்பாமல் வைச்சது நான். எழும்பினால் தடயம் அழிஞ்சிடும் எண்டு.

– அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? பெட்டி செத்தால் கதவு திறந்தபடி. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.

– மற்ற நாலு தரமும் தெரிஞ்சே செய்தனி.

– ஓம். சில நாள் விரல் நோகக் கழட்டினாலும் படுக்காது. பிடிவாதம் பிடிச்ச சாமான், கண்டியோ.

– கதவுக்குக் கைச்சக்கரம் இருக்குத்தானே?

– அதுக்குப் பூட்டு. திறப்பு கந்தோரில.

– உன்ர வயலுக்கோ தண்ணி விட்டனி?

– என்ர வயல் மேல. எனக்கு முறையிலேயே வருது. இது வாய்க்கால் முடியிற இடத்துக்கு. மலையகத்தால வந்து குடியேறின சனம், பத்தொன்பது குடும்பம். உன்ர பெட்டி போடுற முறையில அவைக்கு நாளே இல்லை, டிலக்சி.

– பட்டியலில பேர் இருந்தால்தான் அது நாள் போடும்.

– மழையில்லாத சிறுபோகம், இந்த ஒன்றரை மாதமும் களவுத் தண்ணியிலதான் நெல்லு நிண்டது. இப்ப பால் பிடிக்கிற நேரம். திங்கள் நீ இதில குந்திக்கொண்டு இருந்தாய், ஒரு சொட்டும் போகேல்லை. இண்டைக்கும் போகாட்டில் அவ்வளவும் பதர்.

– அவைக்குத் தெரியுமோ, நீ செய்யிறது?

– கேக்கிறேல்லை. நேற்று ஒரு அக்கா வாய்க்கால் வழிய நடந்து வந்தா. "தம்பி, நாளைக்கு மிசின் கெட்டுப் போகுங்களா?" எண்டு கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல?

– பிழையைத் திருத்திப்போட்டன், பிரணவன். ஆறு வரிதான். பெட்டியில ஏத்தினால் நீ நூறு தரம் கழட்டினாலும் இனிப் படுக்காது.

– எப்ப ஏத்துவாய்?

– நாலு மணிக்கு முன்னம். ஏத்தாமல் நாளைக்குக் கந்தோர்காரருக்குக் காட்டேலாது.

– ஏத்து. அது உன்ர சோறு. எனக்கு உன்னில கோவமில்லை. அந்தக் கந்தோர்காரரிலதான். காணிப் பெர்மிற் இல்லையெண்டு பத்தொன்பது குடும்பத்தையும் பட்டியலில இருந்து வெட்டிப்போட்டாங்கள். மனுசரோ அவங்கள்?

– பிரணவன்.

– நாளைக்கு வரட்டும். உனக்கு முன்னாலேயே கேக்கிறன், ஆரடா வெட்டினது எண்டு.

– கேக்காத.

– ஏன்? வேலை போயிடுமெண்டு பயமோ?

– கந்தோர் தந்த பட்டியலில அவையள் இருந்தவை. பத்தொன்பது குடும்பமும். பெர்மிற் இலக்கம் மட்டும் வெறுமையாக் கிடந்தது. அந்த வரிகளில என்ர புறோகிராம் ஒவ்வொரு முறையும் தடக்கி நிண்டது. நான் ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை. நான்தான் அழிச்சனான்.